ஒட்டி மறைத்த கடைசிப் பத்தி

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரம்மா மூச்சிரைக்க வந்து நின்று, "உங்க வீட்டுக்காரர் என்னை அவமானப்படுத்திட்டார் டீச்சர்" என்றாள்.

டீச்சர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "என்ன சொன்னார்? அப்படியே சொல்லுங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"'உங்க ஃப்ரிட்ஜ் நல்லாத்தான் இருக்கு, உள்ள அடைக்கிறதை மட்டும் கொஞ்சம் குறைங்க'ன்னார்."

"இதுல அவமானம் எந்த வரியில இருக்கு?"

அந்தம்மா யோசித்தாள். விரலை மடக்கி, மறுபடி விரித்து யோசித்தாள். "அவர் சிரிச்சுக்கிட்டே சொன்னார்" என்றாள் கடைசியில்.

"அது சரி. அதைக் கணக்குல எடுத்துக்கலாம்" என்று டீச்சர் உள்ளே திரும்பி, "என்னங்க, சிரிச்சீங்களா?" என்று குரல் கொடுத்தாள். சண்டை போட வந்தவள் டீ குடித்துவிட்டுத்தான் போனாள்.

இப்படித்தான் அவளுக்கு 'வரி டீச்சர்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. நாற்பத்தெட்டு வயது. மெலிந்த உடம்பு, பெரிய கைப்பை. ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான கணவருக்கு அவள் மேல் மலையளவு பாசம். "இவகிட்ட பொய் சொல்லவே முடியாதுங்க, மூணாவது வரியில மாட்டிக்குவோம்" என்று வாடிக்கையாளர்களிடம் பெருமையடித்துக்கொள்வார்.

வாரநாட்களில் அவள் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். சனி, ஞாயிறு காலைகளில்தான் அவளுடைய உண்மையான வாழ்க்கை. சிறுவயதில் பள்ளியைப் பாதியில் விட்ட பெரியவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்வெழுத ஒரு படிப்பு மையம் இருக்கிறது. விடுமுறை நாளில் காலியாக இருக்கும் ஆரம்பப் பள்ளிக் கட்டடத்தில் அது நடக்கிறது. பெஞ்சுகள் எல்லாம் ஏழு வயதுக் குழந்தைகளுக்காகச் செய்தவை. அதில் ஐம்பது வயது ஆட்கள் முழங்கால் மேசையில் இடிக்க, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருப்பார்கள். சுவரில் ஆப்பிள் படம், ஆமை படம். கீழே தையல்காரம்மா, பேக்கரி மாஸ்டர், காவலாளி, எல்லோராலும் 'வேன் அண்ணன்' என்றழைக்கப்படும் டிரைவர், ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டித் துடைக்கும் 'வார்டு அக்கா'.

இவர்களுக்கு மொழிப்பாடம் நடத்துவது வரி டீச்சர். அவளிடம் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று உண்டு. பாடம் நடத்தத் தோன்றும் யோசனைகளை எல்லாம் அதில் எழுதி வைப்பாள். பஸ்ஸில் தோன்றினால் பஸ் டிக்கெட்டில் எழுதி, வீட்டுக்கு வந்து நோட்டில் ஒட்டுவாள்.

ஒரு யோசனை: 'உங்கள் பையில் இருக்கும் ஐந்து பொருட்களை மட்டும் எழுதுங்கள். யாருடைய பை என்று மற்றவர்கள் சொல்லட்டும்.' அன்றைக்கு ஒரு தாளில் 'ஊக்கு, தைலம், இன்னொருத்தர் வீட்டுச் சாவி, பாதி பிஸ்கட், ஒற்றைக் கம்மல்' என்று இருந்தது. வகுப்பே சேர்ந்து "வார்டு அக்கா!" என்று கத்தியது. அக்காவுக்கு வெட்கம் தாங்கவில்லை. "என் மானத்தையே வாங்கிட்டீங்களே" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வருணனை என்றால் என்ன என்று அதற்குமேல் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று: 'ஒரே பத்தியைக் கோபமாக, கெஞ்சலாக, பொய் சொல்பவர் போல மூன்று தடவை வாசியுங்கள்.' பேக்கரி மாஸ்டர் பொய் சொல்பவர் போல வாசித்ததில் இரண்டு பேருக்குப் புரை ஏறியது.

வேன் அண்ணன் தன் கம்பெனிக்கு பிரேக் கோளாறு பற்றி மூன்று பக்கப் புகார் எழுதி வைத்திருந்தார். முதல் இரண்டு பக்கமும் 'மதிப்பிற்குரிய ஐயா அவர்களின் பொன்னான பாதங்களுக்கு' என்ற ரீதியிலேயே போனது. டீச்சர் அதைப் படித்துவிட்டு, "அண்ணே, இதுல பிரேக் எங்க இருக்கு?" என்றாள்.

"கடைசிப் பக்கத்துல இருக்கு டீச்சர்."

"அதுக்குள்ள வண்டி மோதிடுமே!"

ஐந்து வரியாகச் சுருக்கினார்கள். பிரேக் மாறியது.

ஆனால் அவளுக்கு மிகவும் பிடித்த யோசனை வேறு. கதைத் தாளில் கடைசிப் பத்தியின் மேல் வெள்ளைத் தாள் துண்டை ஒட்டி, அதை நகலெடுத்துக் கொடுப்பாள். இடது ஓரத்தில் ஒவ்வொரு வரிக்கும் எண் இருக்கும். முடிவு என்னவாக இருக்கும் என்று அவர்களே சொல்ல வேண்டும். எந்த வரியை வைத்துச் சொல்கிறார்கள் என்றும் காட்ட வேண்டும். அடுத்த வாரம்தான் எழுத்தாளரின் முடிவை வாசித்துக் காட்டுவாள். முன்கூட்டியே படித்துவிடுவார்கள் என்பதற்காகக் கதைப் புத்தகத்தை அவர்கள் கண்ணில் காட்டவே மாட்டாள்.

இதனால் பாடம் ஆமை வேகத்தில் நகர்ந்தது. பக்கத்து அறையில் இன்னொரு பிரிவுக்குப் பாடம் நடத்துபவர் நோட்ஸ் சார். அவர் புத்தகத்தை எப்போதோ முடித்துவிட்டார். கேள்வி, பதில், கமா, முற்றுப்புள்ளி என்று எல்லாவற்றையும் சொல்லி எழுத வைப்பார். நேர்மையானவர். ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. "ஆன்சர் கீ இல்லாத கேள்வி, கைப்பிடி இல்லாத வாளி மாதிரி டீச்சர்" என்பார்.

மையத்தை நடத்தும் மேடம் பொறுமைசாலிதான். ஆனால் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டல்லவா? "டீச்சர், உங்க கிளாஸ் ஆறு கதை பின்னாடி இருக்கு. தகுதித் தேர்வுல உங்க ஆளுங்க தடுமாறினா, ரெண்டு பிரிவையும் சேத்து சார் கையில கொடுத்துடுவேன். எனக்கு வேற வழியில்ல" என்று சொல்லியிருந்தார்.

தகுதித் தேர்வு என்பது மையமே வைக்கும் பரீட்சை. ஐம்பதுக்கு இருபத்தைந்து வாங்கினால்தான் அரசுத் தேர்வுக்குப் பெயர் அனுப்புவார்கள். வாங்காவிட்டால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும்.

வார்டு அக்காவுக்கு அந்த இன்னொரு வருடம் இல்லை. அவளுக்கு நாற்பத்து நான்கு முடியப் போகிறது. பத்தாம் வகுப்பு முடித்தவர்களை வார்டு உதவியாளராக ஆஸ்பத்திரியில் எடுக்கிறார்கள், ஆனால் நாற்பத்தைந்து தாண்டினால் கிடையாது. இருபது வருடமாகத் துடைப்பமும் வாளியுமாக நடந்தவள் அவள். நோயாளிக்கு ஊசி போட்ட நேரத்தைச் சீட்டில் குறிக்கும் வேலை அவளுக்குக் கனவு. "ஒரு தடவையாவது நான் எழுதுனதை டாக்டர் படிக்கணும் டீச்சர்" என்று ஒருமுறை சொன்னாள். டீச்சர் அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த முறை வினாத்தாள் எடுக்கும் பொறுப்பு வரி டீச்சருடையது. புத்தகத்தின் கடைசிக் கதையை அவள் வகுப்பு இன்னும் தொடவில்லை. முழுக்கதையும் வினாத்தாளிலேயே அச்சாகும் என்பதால் அதையே எடுத்துக்கொண்டாள். பரீட்சையில்தான் முதன்முதலாகப் படிக்கட்டுமே, என்ன கெட்டுப் போயிற்று?

கதை இதுதான். வீட்டைப் பங்கு பிரித்த தகராறில் அக்காவும் தங்கையும் நான்கு வருடமாகப் பேசுவதில்லை. ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் குடியிருக்கிறார்கள். தங்கையின் குழந்தைக்குக் காய்ச்சல். அழுகுரல் சுவர் வழியாகக் கேட்கிறது. சமைத்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து, சுற்றிக்கொண்டு போய், தங்கை வீட்டுக் கதவின் முன் நிற்கிறாள். அதற்கப்புறம் ஒரு பத்தி உண்டு.

ஐந்தாவது கேள்விக்குப் பத்து மதிப்பெண். 'கதையின் முடிவில் அக்கா என்ன செய்தாள்? ஏன்?'

பரீட்சை சனிக்கிழமை நடந்தது. ஞாயிறு காலை ஆசிரியர் அறையில் விடைத்தாள்களை மாற்றிக்கொண்டு திருத்தினார்கள். டீச்சர் பிரிவுத் தாள்கள் சாரிடம், சார் பிரிவுத் தாள்கள் டீச்சரிடம். அன்று மாலைக்குள் பட்டியல் போயாக வேண்டும்.

சாரின் மாணவர்கள் முப்பத்தொரு பேரும் ஐந்தாவது கேள்விக்கு ஒரே பதிலை எழுதியிருந்தார்கள். 'அக்கா தட்டும் முன்பே கதவு திறந்தது; தங்கை வெளியே வந்து அக்காவின் கைகளைப் பற்றிக்கொண்டாள்; பாசம் வென்றது.' அரைப்புள்ளி உட்பட ஒன்றே. டீச்சர் சிரித்துக்கொண்டே மதிப்பெண் போட்டாள். எதிரே நோட்ஸ் சார் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சார்?"

"சொன்னா வருத்தப்படுவீங்க. உங்க ஆளுங்க ஒருத்தர்கூட அஞ்சாவது கேள்விக்குச் சரியா எழுதல. ஒருத்தர் திரும்பிப் போயிட்டாங்கறார். ஒருத்தர் வாசல்லயே உக்காந்துட்டாங்கறார். வேன்காரர் 'அக்கா போலீசைக் கூப்பிட்டாள்'னு எழுதியிருக்கார்! கதை கண்ணு முன்னாடியே அச்சாகி இருக்கு. படிச்சு எழுதக்கூடவா தெரியாது?"

டீச்சருக்கு முகம் சுண்டியது. பிறகுதான் மேசை மேல் கிடந்த வினாத்தாளைக் கையில் எடுத்தாள். கதையை மேலிருந்து கீழே படித்தாள். 'கதவின் முன் நின்றாள்.' அதற்குக் கீழே வெற்றிடம். வெற்றிடத்துக்குக் கீழே கேள்விகள்.

கடைசிப் பத்தியைக் காணோம்.

வகுப்புக்காகத் தாள் துண்டு ஒட்டி வைத்திருந்த பிரதியை அல்லவா அலுவலகத்தில் கொடுத்திருக்கிறாள்! எப்போதும் அவள் ஒட்டும் துண்டு கோணலாக, ஓரம் தூக்கிக்கொண்டு, பார்த்தவுடன் தெரியும்படி இருக்கும். இந்த முறை அவள் சமையலில் இருந்தபோது, "நான் ஒட்டித் தரேன், நகரு" என்று கணவர் வாங்கிக்கொண்டார். ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரை ஒட்டிப் பழகிய கை. மயிரிழை விளிம்புகூடத் தெரியாமல் ஒட்டியிருந்தார். "பாரு, ஒட்டினதா ஒட்டாததான்னு உனக்கே தெரியாது" என்று அவர் மார்தட்டியது இப்போது அவள் காதில் ஒலித்தது. பாவம், அன்பாகச் செய்த காரியம்தான்.

அறுபத்தைந்து பேர் பரீட்சை எழுதியிருக்கிறார்கள். கதைக்கு வால் இல்லை என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. சாரின் முப்பத்தொரு பேரும் தாளில் இல்லாத பத்தியைப் பார்த்தது போலவே எழுதியிருக்கிறார்கள். அவளுடைய முப்பத்து நான்கு பேரும் தாளில் இருந்ததை மட்டும் படித்து, முடிவைத் தாங்களே தேடியிருக்கிறார்கள். வாரா வாரம் அவள் கேட்கிற கேள்விதானே!

"சார்... வார்டு அக்கா எவ்வளவு?"

சார் தேடிப் பார்த்தார். "பதினேழு. மூணு பக்கம் இதுக்கே எழுதி, கடிதம் எழுதற கேள்வியை விட்டுட்டாங்க. இதுக்கு சைபர்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. அவள் பிரிவுதான் தடுமாறும். வாயைத் திறந்தால் தவறு தன்னுடையது என்று எழுதிக் கொடுக்க வேண்டும், வகுப்பும் கையை விட்டுப் போகலாம். டீச்சர் எழுந்தாள். வினாத்தாளை எடுத்துக்கொண்டு நேராக மேடம் அறைக்குப் போனாள். என்னவோ ஏதோவென்று சாரும் பின்னாலேயே வந்தார்.

டீச்சர் நடந்ததைச் சொல்ல, மேடம் கேட்டுக்கொண்டார். வினாத்தாளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "டீச்சர், நான் இதை மூணு தடவை படிச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன். எனக்கும் தெரியலையே!"

"தப்பு என்னோடது மேடம். என்ன தண்டனைன்னாலும் கொடுங்க. அவங்க வருஷத்தை மட்டும் எடுத்துடாதீங்க." சொல்லும்போதே கண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

"அழாதீங்க. கேள்வியை நீக்கிடலாம். நாப்பதுக்கு இருபது எடுத்தவங்க பாஸ்."

"வார்டு அக்கா பதினேழு மேடம். மூணு பக்கமும் அந்தக் கேள்விக்குத்தான் எழுதியிருக்காங்க."

மேடம் நோட்ஸ் சாரைப் பார்த்தார். "சார், அந்தத் தாளைத் திருத்துறது நீங்க. என்ன சொல்றீங்க?"

சாரின் நெற்றி வியர்த்தது. "கீ இல்லாம எப்படி மேடம் மார்க் போடறது? யார் என்ன எழுதினாலும் சரின்னா, அப்புறம் பரீட்சை எதுக்கு?"

"யார் என்ன எழுதினாலும் சரி இல்ல சார்" என்றாள் டீச்சர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எழுதினதுக்குக் கதையில ஆதாரம் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா சைபரே போடுங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். போலீசுக்கும் சைபர்தான்."

சார் வார்டு அக்காவின் தாளை எடுத்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, உரக்கப் படிக்க ஆரம்பித்தார். எழுத்துகள் கோணல்மாணல். நடுவில் நின்று நின்று படித்தார்.

"'அக்கா கதவைத் தட்ட மாட்டாள். தள்ளிக்கொண்டு உள்ளே போவாள். தங்கையிடம் ஒரு வார்த்தையும் பேச மாட்டாள். குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போடுவாள். பதினோராவது வரியில் அவள் கேட்டுக்குப் பக்கத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள். எங்கள் வார்டுக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் செருப்போடு வாசலில் நிற்பார்கள். கூடவே தங்குகிறவர்கள் தூரத்திலேயே கழற்றிவிடுவார்கள். இவள் தங்க வந்தவள்.'"

சார் நிறுத்தினார். கதைத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பதினோராவது வரியைத் தேடினார். இருந்தது.

"சரி, ஆனா ஆறாவது வரியில அடுப்பை அணைக்காம வந்தாள்னு இருக்கே! அப்போ உடனே திரும்பிப் போறதுக்குத்தானே வந்திருக்கணும்?" என்று தாளிடமே வாதாடினார்.

"அடுத்த பக்கம் திருப்புங்க" என்றார் மேடம்.

திருப்பினார். "'அடுப்பு எரிகிறதே என்று கேட்கலாம். அவள் யோசித்து வந்திருந்தால் அணைத்திருப்பாள். யோசித்திருந்தால் வந்தே இருக்க மாட்டாள். நான்கு வருடம் யோசித்தவள்தானே.'"

சார் கண்ணாடியைத் துடைத்தார். மூன்றாவது பக்கத்தை உரக்கப் படிக்கவில்லை, மனதுக்குள்ளேயே படித்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, சைபரை அடித்துவிட்டு, ஒன்பது போட்டார்.

"ஒண்ணு எதுக்கு சார் குறைச்சீங்க?" என்றார் மேடம்.

"கையெழுத்து. எனக்கே கண்ணு வலிக்குது." சார் பேனாவை மூடவில்லை. "மத்த முப்பத்து மூணு பேரோடதையும் கொண்டு வாங்க டீச்சர். எல்லாத்தையும் முதல்லேருந்து படிக்கணும்."

"சார், உங்க பிரிவுக்கு?" மேடத்தின் கேள்வி கூர்மையாக வந்தது. "தாள்ல இல்லாததை எழுதியிருக்காங்களே!"

சாரின் முகம் வெளுத்தது. பதில் சொன்னது டீச்சர். "சொல்லிக் கொடுத்ததைத்தானே எழுதினாங்க மேடம். கதையை அறுத்தது நான். நான் போட்ட மார்க் அப்படியே இருக்கட்டும்."

மாலை நான்கு மணிவரை மூவரும் உட்கார்ந்து திருத்தினார்கள். வேன் அண்ணனுக்கு அந்தக் கேள்வியில் இரண்டுதான் கிடைத்தது, அதுவும் 'போலீஸ் வந்தாலும் அக்கா புகார் கொடுக்க மாட்டாள்' என்ற கடைசி வரிக்காக. மற்ற கேள்விகளால் தப்பித்தார். டீச்சர் பிரிவில் நான்கு பேர் தேறவில்லை. அவர்களுக்காக அவள் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதாள்.

வீட்டில் கணவர் விஷயம் கேட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "என் கையை வெட்டிப் போடணும்."

"வெட்டிட்டா ஃப்ரிட்ஜை யார் பாப்பாங்க? எழுந்து முகம் கழுவுங்க" என்றாள் டீச்சர்.

தண்டனையும் வந்தது. இனி அவள் வினாத்தாள் எடுக்கக் கூடாது. விளக்கக் கடிதம் அவள் கோப்பில் சேர்ந்தது. மேடம் சொன்னபடி பிரிவுகளைச் சேர்க்கவும் செய்தார், ஆனால் சார் கையில் மட்டும் கொடுக்கவில்லை. சனிக்கிழமை அறுபத்தைந்து பேரும் டீச்சரிடம், ஞாயிற்றுக்கிழமை அறுபத்தைந்து பேரும் சாரிடம். அந்த ஏற்பாட்டை முதலில் கேட்டது நோட்ஸ் சார்தான் என்று பிறகு தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை வார்டு அக்கா இரவு வேலை முடித்து, குளித்த ஈரத்தலையோடு வந்தாள். பலகையில் ஒட்டியிருந்த பட்டியலில் தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். இருபத்தாறு. டீச்சர் நடந்ததை எல்லாம் மறைக்காமல் சொன்னாள். அக்கா அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அக்கா கேட்டதோ வேறு.

"அப்போ நிசமான முடிவு ஒண்ணு இருக்கா டீச்சர்? காட்டுங்க பாப்போம்."

டீச்சர் முழுத் தாளை எடுத்துக் கொடுத்தாள். அக்கா சின்ன பெஞ்சில் பக்கவாட்டில் உட்கார்ந்து, உதடு அசைய அசையப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் புருவம் ஏறியது.

"இதென்ன டீச்சர் அநியாயமா இருக்கு? தட்டும் முன்னாடியே கதவு திறந்துச்சாம், தங்கச்சி வெளிய வந்து கையைப் பிடிச்சாளாம்! காய்ச்சல் புள்ளைய மடியில போட்டிருக்கறவ எப்படி எந்திரிச்சு வருவா? புள்ளைய எங்க வெச்சா? அதைப் பத்தி ஒரு வரியும் இல்லையே!"

டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தாள். பத்து வருடமாக அந்தக் கதை அவளிடம் இருக்கிறது. குழந்தை எங்கே என்று அவள் கேட்டதே இல்லை. பின்வரிசையிலிருந்து சாரின் மாணவர்கள் இரண்டு பேர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அக்கா, இதை அப்படியே எழுதிக் கொடுங்களேன்" என்றாள் டீச்சர்.

"மார்க் உண்டா?"

"கிடையாது."

"அப்புறம் எதுக்கு மெனக்கெடணும்?" என்று முனகிக்கொண்டே வார்டு அக்கா பைக்குள் கைவிட்டுப் பேனாவைத் துழாவினாள். மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தவள், சட்டென்று நிமிர்ந்தாள்.

"டீச்சர், ரெண்டு பக்கம் போதுமா?"